கப்பல் சட்டம் படிக்க வெளிக்கிட்ட வன்னிப் பிள்ளையளுக்கு

கிளிநொச்சியிலை இருந்து போன செப்டெம்பர் இங்கிலாந்துக்கு, சவுதாம்டனிலை படிக்க வந்த தங்கச்சி ஒராள், "கப்பலே பார்க்காத எனக்கு கப்பல் சட்டம் ஏறுமோ அண்ணா?" எண்டு கேட்டிருந்தா. வட்டாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, முள்ளியவளையிலை அம்மாவின்ரை விறாந்தையிலை இருந்து எழுதுறன். கரண்ட் நிண்டு நிண்டு வருகுது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஏறும் தங்கச்சி. நான் சின்னனிலை கிட்டப் பார்த்ததும் ஒரேயொரு கப்பல்தான், அதுவும் ஓடாத கப்பல். 2006 டிசம்பரிலை எஞ்சின் பழுதாகி எங்கட கடலிலை மாட்டுப்பட்ட ஜோர்தான் நாட்டு 'ஃபாரா 3'. இந்தியாவிலை அரிசி ஏத்தி தென்னாபிரிக்காவுக்குப் போனது. முள்ளிவாய்க்கால் கரையிலை வருசக்கணக்கா துருப்பிடிச்சுக் கிடந்ததை நீங்களும் கண்டிருப்பியள். அந்த வயதிலை எங்களுக்கு அது ஒரு பெரிய இரும்புக் குவியல். வகுப்பிலை சால்வேஜ், அதாவது ஆபத்திலை மாட்டின கப்பலையும் சரக்கையும் மீட்கிற பாடம் தொடங்கின அண்டைக்குத்தான் எனக்கு மண்டைக்குள்ளை கிடந்து குடைஞ்சது: அந்த அரிசி ஆற்றை? வித்தவன்ரையோ, வாங்கினவன்ரையோ, நடுவிலை காசு குடுத்த பாங்கின்ரையோ? ஆரும் கப்பலைக் காப்பாத்திக் குடுத்திருந்தால் கூலி ஆர் குடுக்கிறது? 1989 சால்வேஜ் ஒப்பந்தத்தின்படி பொதுவா மீட்டால்தான் கூலி. கரையிலை கிடக்கிற சிதைவை ஆர் அகற்றுறது எண்டதுக்கு 2007இலை நைரோபியிலை ஒரு ஒப்பந்தம் போட்டவை, அது நடைமுறைக்கு வந்தது 2015இலைதான்.

அரிசி ஆற்றை எண்ட கேள்விக்குப் பதில் பில் ஒஃப் லேடிங் எண்ட கடதாசியிலை இருக்கு. சரக்கு ஏத்தினதுக்கு ரசீதும் அதுதான், ஒப்பந்தத்துக்குச் சாட்சியும் அதுதான், சரக்கைக் கேட்டு வாங்கிற உரிமையும் அதுக்குள்ளைதான். வருசம் முழுக்க நீங்கள் கட்டியழப்போறது இதோடைதான். பாடப்புத்தகத்தைத் திறக்க முன்னம் இதின்ரை பின்பக்கத்திலை எறும்பு எழுத்திலை இருக்கிறதை முழுக்க ஒருக்கா வாசியுங்கோ. கையிலை இருந்த கடதாசி என்னெண்டே வாசிக்காமல் நான் பட்டது ஒண்டு சொல்லுறன்.

படிக்கேக்கை அம்மாவுக்கு ஒரு தையல் மிசின் வாங்கி, லண்டனிலை கப்பல் பெட்டி அனுப்புற ஒரு ஏஜென்டிட்டைக் குடுத்தனான். 38 கிலோ. பெட்டி முள்ளியவளைக்கு வந்து சேர்ந்திட்டுது. அம்மா திறக்கேல்லை. "நீ வந்து திறப்பாய் எண்டு வச்சிருந்தனான்" எண்டா. மூண்டு கிழமைக்குப் பிறகு தங்கச்சி திறந்தால் அடிப்பலகை ஊறி வெடிச்சு, ஊசி இறங்கிற தகடு மஞ்சளாத் துருவேறி நிக்குது. அரைநாள் சோதினைக்குப் படிச்ச மாதிரி ஏத்தின சரக்குக்குக் கப்பல்காரன்ரை பொறுப்பைச் சொல்லுற ஹேக்-விஸ்பி விதிகளைத் தூக்கிக்கொண்டு இருந்தன். வெளியிலை தெரியாத சேதமெண்டால் மூண்டு நாளுக்குள்ளை எழுத்திலை அறிவிக்கவேணும். அறிவிக்காட்டி உரிமை போகாது, ஆனால் சாமான் நல்லாத்தான் வந்தது எண்டு எடுத்துக்கொள்ளுவினம், இல்லை எண்டு காட்டுற பாரம் எங்கட தலையிலை. வழக்குப் போட ஒரு வருசம். நட்டஈடு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., அல்லது பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., எது கூடவோ அது. எஸ்.டி.ஆர். எண்டது சர்வதேச நாணய நிதியத்தின்ரை கணக்கலகு. கிலோவிலை பார்த்தால் எனக்கு 76, பெட்டியிலை பார்த்தால் 666.67. கொம்பு முளைச்ச மாதிரி இருந்தது.

பிறகுதான் பார்த்தன், என்ரை கையிலை இருந்தது ஒரு ரோஸ் கலர் ரசீது. பில் ஒஃப் லேடிங் இல்லை. வெறும் ரசீதிலை, இந்த விதிகள் பொருந்தும் எண்டு எழுதியும் இல்லாட்டி, 1971ஆம் ஆண்டு ஆங்கிலக் கடல்வழிச் சரக்குச் சட்டம் அதுகளைத் தானாக் கொண்டுவராது. ஏஜென்ட் கடைசியிலை அரைவாசிக் காசுக்குச் சரி எண்டார், அதுவும் அடுத்த பெட்டிக்குக் கழிவா! பெட்டி அனுப்புறவை மூடமுன்னம் ஒரு படம், ஊரிலை இறக்கின உடனை திறந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கோ. அம்மாமாருக்கு இதை விளங்கப்படுத்திறதுதான் கஷ்டம்.

இனி வேலை விசயம். ஒரு வருச எல்.எல்.எம். (சட்ட முதுகலை) முடிச்சால் இங்கிலாந்திலை லோயர் ஆகேலாது. சொலிசிட்டர் ஆக 2021இலை வந்த எஸ்.கியூ.இ. சோதினை எழுதவேணும், இரண்டு வருச வேலை அனுபவமும் வேணும். எங்கட அப்பா நான் விமானம் ஏற முன்னமே மகன் அப்புக்காத்து எண்டு சந்தி முழுக்கச் சொல்லிப்போட்டார். நான் சேர்ந்தது கப்பல் காப்புறுதியிலை, க்ளெயிம் பார்க்கிற வேலைக்கு. பீ அண்ட் ஐ கிளப் எண்டு கேள்விப்படுவியள். கப்பல் முதலாளிமார் தங்களுக்குள்ளை பிடிக்கிற சீட்டு மாதிரி எண்டு வையுங்கோவன், ஒருத்தருக்கு இழப்பு வந்தால் எல்லாற்றை காசும் போகும். சட்டப் பட்டம் இருந்து, லோயராப் பதியாதவைக்கும் அங்கை இடமிருக்கு. ஆகவே பாடம் தெரிவு செய்யேக்கை கடல் எல்லை, ஐ.நா. கடற்சட்டச் சாசனம் எண்டு மட்டும் ஓடாதேங்கோ. சரக்குக் கடத்தல், சார்ட்டர்பார்ட்டி (கப்பலை வாடகைக்கு எடுக்கிற ஒப்பந்தம்), காப்புறுதி மூண்டையும் எடுங்கோ. லொறிக்கு சி.எம்.ஆர்., விமானத்துக்கு மொன்றியல் ஒப்பந்தம் எண்டு தரை, ஆகாயம் இரண்டையும் ஒருக்காத் தொட்டு வையுங்கோ, ஒரு பெட்டி கப்பலாலை மட்டும் போறேல்லை.

ஊருக்குத் திரும்பி வேலை செய்யிற எண்ணம் இருந்தால், இலங்கையின்ரை 1982ஆம் ஆண்டு 21ஆம் இலக்கக் கடல்வழிச் சரக்குச் சட்டமும் இதே ஹேக்-விஸ்பிதான், படிச்சது வீண் போகாது. ஆய்வுக்கு எல்லாரும் 2021இலை எரிஞ்ச எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலைத்தான் எடுக்கினம். நல்ல தலைப்புத்தான், ஆனால் வாத்தியாருக்கு அலுத்திருக்கும்.

வவுனியாத் தம்பி ஒஸ்லோவைப் பற்றிக் கேட்டிருந்தார், மாமா படிப்பு இலவசம் எண்டவராம். மாமா சொன்னது பழைய கதை. 2023 இலையுதிர் காலத்திலை இருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலை இருந்து வாறவைக்கு நோர்வேயிலை கட்டணம். மால்ட்டாவிலை உள்ள ஐ.எம்.ஓ.வின்ரை (ஐ.நா.வின்ரை கப்பல் போக்குவரத்து அமைப்பு) சட்ட நிறுவனத்துக்கு பெரும்பாலும் அரசாங்கங்கள் தெரிவு செய்து அனுப்புற ஆக்கள்தான் போறவை. அரச சேவையிலை இருந்தால் கேட்டுப் பாருங்கோ.

சில்லறை விசயங்கள்: இங்கிலாந்து மாணவர் விசாவிலை படிப்பு நடக்கேக்கை கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேலை வேலை செய்யாதேங்கோ, கடைக்கார அண்ணை கையிலை காசு தாறன் எண்டாலும். முழுநேர மாணவர் எண்ட கடிதத்தை காம்பஸிலை வாங்கி உள்ளூர்க் கவுன்சிலுக்கு அனுப்பினால் கவுன்சில் டாக்ஸ் எண்ட வீட்டுவரி இல்லை, ஆனால் வேலை செய்யிற ஆளோடை ஒரே வீட்டிலை இருந்தால் கணக்கு மாறும்.

நேற்று சிலாவத்தையிலை சித்தப்பாவுக்கு ஜெனரல் அவரேஜ் விளங்கப்படுத்தினன். புயலுக்குள்ளை கப்பலைக் காப்பாத்த வேணுமெண்டு கொஞ்சச் சரக்கைக் கடலிலை எறிஞ்சால், அந்த நட்டத்தை கப்பல்காரனும் சரக்குக்காரர் எல்லாரும் பங்குபோட வேணும். கேட்டுப்போட்டு மனுசன் வலை பொத்துறதை நிப்பாட்டினார். "அப்ப மாரிக்கை நான் வலையை வெட்டிவிட்டு வள்ளத்தைக் கொண்டுவந்தனே, சம்மாட்டியிட்டைப் போய்க் கேக்கட்டோ?"

கரண்ட் போட்டுது. மிச்சக் கேள்வியளை எழுதி வையுங்கோ, திங்கள் திரும்பிப் போய்ப் பதில் போடுறன்.