கோயில் மணி கேட்டால் ஏன் புல்லரிக்கிறது?

திருமலைப் பொடியன்: நம்ம திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு காற்றில் நின்றால் கை முழுக்கப் புல்லரிக்கிறது, சரி, அது குளிர். ஆனால் கோணேசர் கோயில் மணி கேட்டாலும் அதே மாதிரி வருகிறதே, அங்கே என்ன குளிர்?

நிலாவெளி அக்கா: தம்பி, தோலுக்குள் முடியின் அடியில் ஒரு குட்டித் தசை இருக்கிறது, அது சுருங்கினால் முடி நிமிரும், தோல் முட்டு முட்டாகும். அதை இழுப்பது நம் சொல் கேளாத பரிவு நரம்புகள். குளிர், பயம், பக்தி, எதற்கும் அதே நரம்புதான்.

உப்புவெளியான்: நாயைக் கண்ட பூனை உப்புமே, அதுதான் இது. ரோமம் அடர்ந்த விலங்குக்கு நிமிர்ந்த முடிக்குள் காற்று தங்கிச் சூட்டைக் காக்கும். நமக்கு முடி குறைந்துபோய்ப் பழக்கம் மட்டும் மிச்சம்.

திருமலைப் பொடியன்: பூனை என்றது பிடிக்கவில்லை மச்சான், ஆனால் விளங்கிவிட்டது.