குடை ராட்டினத்தைச் சீரமைக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் என் தாத்தா கையால் சுற்றிய குடை ராட்டினத்தை மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு மரக்குதிரைகள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றின் இடது காதைக் கரையான் தின்றுவிட்டது. பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் மஞ்சள். அந்த மஞ்சளைக் கண்டதும் கை நின்றுவிட்டது. சிறுவயதில் நான் அடம்பிடித்து ஏறிய குதிரை அதுதான். பக்கத்துச் சந்தையில் உயிருள்ள குதிரைகள் கனைக்க, நாங்கள் இதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றுவோம்.

நடுத்தண்டின் பேரிங் துருவேறி இறுகிவிட்டது. இரண்டு நாள் டீசலில் ஊறவைத்தும் அசையவில்லை. சுத்தியலால் அடிக்க மனம் வரவில்லை. கோவை, ஈரோடு பக்கம் பக்குவமாகக் கழற்றித் தரும் லேத் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். காது செதுக்க மரவேலைக்காரர் ஒருவரும் வேண்டும். வீட்டு ஆல்பத்தில் பழைய திருவிழாப் படம் இருந்தால் அனுப்புங்கள். குடைத்துணியின் நிறம் எனக்கு நினைவில்லை.