புதுப்பிப்பு: கல்வாழைப் படுகையில் நீர் தேங்கியது ஏன்?

முந்தைய இழையின் கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்து ஊரொன்றில், தென்பெண்ணைக்குப் போகும் ஓடையில் விடுமுன் குளியல், சமையலறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும், கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. நீர் நுழையும் முகப்பில் நீர் மேலே நின்று நாறுகிறது, கொசு வேறு.

முகப்பைத் தோண்டியாச்சு. அடைப்பு முதல் ஒரு மீட்டரில்தான். ஜல்லி இடுக்கெல்லாம் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கடியில் சாம்பல் நிறக் கிரஷர் தூள். கழுவாத ஜல்லியை அப்படியே கொட்டினால் வேறென்ன ஆகும்? கல்வாழை வேர்மேல் பழி போட்டது வீண்.

அந்த ஒரு மீட்டரில் இப்போது 40–80 மி.மீ. கல். மீதிக்கு, தூள் போகக் கழுவிய முக்கால் அங்குல ஜல்லி, 60 செ.மீ. ஆழம். வெளிக்குழாய் எல்போவை (வளைவு இணைப்பை) திருப்பி, நீர்மட்டத்தை ஜல்லிக்கு 5–10 செ.மீ. கீழே நிறுத்த வேண்டும். அந்த எல்போவைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பிறகு மட்டத்தை மாற்றவே முடியாது. படுகைக்கு முன்னால் எண்ணெய் தடுப்புத் தொட்டி கட்டாயம். அதில் வெளிப்போக்கு ‘T’ வடிவக் குழாயின் கீழ்வாய் நீருக்குள் முங்கியிருக்கணும், இல்லையென்றால் மிதக்கும் எண்ணெய் நேரே படுகைக்குப் போகும். தொட்டியில் மேலே மிதக்கும் எண்ணெய் ஏட்டை வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள்.

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை நுரையைப் பார்த்துவிட்டு, பாஸ்பேட்டை (பயிருக்கு உரமாகும் உப்பு) படுகை பிடித்து வைக்குமா என்று கேட்டவருக்கு: நம்மூர்க் கருங்கல் ஜல்லி அதை அதிகம் பிடித்து வைக்காது. வெளிவரும் நீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்புவது மேல்.