மறுமொழி: ஆற்றல் திட்டங்களுக்குத் ‘தாக்க மதிப்பீடு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆற்றல் கொள்கைகளின் பொருளாதார, சமூக ‘இம்பாக்ட் எவால்யுவேஷ’னுக்கு, அதாவது அவற்றால் மக்கள் வாழ்வில் என்ன மாறியது என்று ஆராய்வதற்கு, ‘தாக்க மதிப்பீடு’ என்ற தமிழ்ச் சொல் போதும் என்று இந்த இழையில் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. சொல்லின் இரு பாதியிலும் கோளாறு இருக்கிறது.

‘மின்சாரம் தாக்கி விவசாயி பலி’ என்று நாளிதழில் படித்துப் பழகியவரிடம் ‘இலவச மின்சாரத்தின் தாக்கம்’ என்ற கட்டுரையைக் கொடுத்துப் பாருங்கள். விபத்துச் செய்தி என்றே எடுப்பார். ‘மதிப்பீடு’ இன்னும் மோசம். ‘பல கோடி ரூபாய் மதிப்பீட்டில் துணை மின் நிலையம்’ என்றால் அது வேலை தொடங்குமுன் போடுகிற செலவுக் கணக்கு. நாம் பெயர் தேடுவதோ, திட்டம் நடைமுறைக்கு வந்தபின் யார் பெற்றார், யார் இழந்தார் என்று பார்க்கிற வேலைக்கு.

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ நிலம் எடுக்குமுன் செய்வது. அந்தப் பெயர் ஊறிவிட்டது. அங்கே அப்படியே இருக்கட்டும். பின்னால் செய்வதற்கு என் பரிந்துரை: விளைவாய்வு.

> ‘விளைவு’ என்றாலே கெட்டது என்ற தொனி வருமே?

ராமன் விளைவில் என்ன கெட்டது? விளைச்சலும் அதே வேர்தான்.

> அவுட்புட், அவுட்கம், இம்பாக்ட் மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

நல்ல கேள்வி. நிறைவேற்றம், பயன், விளைவு என்று பிரிக்கலாம். கிராம மின்மயத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு வரையறைப்படி மின்மாற்றி முதலிய கட்டமைப்பு வந்து, பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, வீடுகளில் 10 சதவீதத்துக்கு இணைப்பு இருந்தாலே அது மின்மயமான கிராமம். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டதாக அறிவித்தது இந்தக் கணக்கில்தான். அது நிறைவேற்றம். மாலையில் எத்தனை மணி நேரம் விளக்கு எரிகிறது என்பது பயன். அதனால் வருமானமும் படிப்பும் மாறினவா என்பதுதான் விளைவு.

நம் தமிழ்நாட்டு இலவச விவசாய மின்சாரத்தில் வைத்துப் பார்த்தால் சொல் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் உண்டு. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. எத்தனை யூனிட் ஓடியது என்பதே உத்தேசக் கணக்கு. கிணறு இல்லாதவருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. 10 குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவருக்கு, 5 வைத்திருப்பவரைவிட மானியம் அதிகம். பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கியதும் திறந்த கிணறு வற்றிப்போனவர், வாங்காத மானியத்துக்கு விலை கொடுக்கிறார். அவரும் வந்தால்தான் அது விளைவாய்வு. ‘பயனாளிகள் பட்டியல்’ என்ற அரசுச் சொல்லில் அவருக்கு இடமே இல்லை.

அடுத்த சிக்கல் ‘கவுண்டர்ஃபேக்சுவல்’. திட்டம் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்து ஒப்பிடுவது. ‘எதிர்மெய்’ என்று வந்த பரிந்துரை, தொல்காப்பியர் விட்டுப்போன எழுத்து வகை போல ஒலிக்கிறது. ‘இல்லாநிலை’ எனலாம். இலவச மின்சாரம் மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் வந்ததால், உள்ளூரில் இல்லாநிலையைத் தேடுவது கடினம். ஆனால் 2021இல் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் அறிவிக்கப்பட்டன. அப்போது இணைப்புப் பெற்றவரையும் பெறாமல் வரிசையில் காத்திருந்தவரையும் ஒப்பிட வழியுண்டு. காத்திருந்தோரை ‘ஒப்புக்குழு’ என்று எழுதலாம். ‘கண்ட்ரோல் குரூப்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘கட்டுப்பாட்டுக் குழு’ வேண்டவே வேண்டாம். யாரை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

‘விளைவாய்வு’க்கு மறுப்பு இருந்தால், ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டி மறுக்கவும். ‘இல்லாநிலை’யில் எனக்கே அரைமனதுதான். அது இல்லாமை, அதாவது வறுமை என்று படித்துவிடக் கூடும். இதைவிடப் பொருத்தமானது இருந்தால் அனுப்புங்கள்.