மழையே இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் என்ன ஓடுகிறது?

சென்னை பாலவாக்கம் வாசி:
கத்திரி வெயிலில் ஒருநாள் உங்கள் தெரு வடிகாலின் மூடி இடுக்கில் எட்டிப் பாருங்கள். எங்கள் தெருவில் கறுப்பாக, நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. விசாரித்தால் ஓர் அடுக்குமாடியில் செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் லாரிக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் ராத்திரியில் மோட்டார் போட்டு வடிகாலில் இறைக்கிறார்கள். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குப் போன் செய்தோம், வந்து குழாயை அடைத்தார்கள், கொஞ்ச நாளில் வேறு பக்கம் குழாய் முளைத்துவிட்டது. அப்புறம் அந்தக் குடியிருப்பின் வாடகைக்காரர்களையே கூட்டிக்கொண்டுபோய் வடிகால் கடலில் விழும் இடத்தைக் காட்டினோம். அவர்கள் பிள்ளைகள் அதற்குப் பக்கத்தில்தானே விளையாடுகிறார்கள்! சண்டை அவர்களுக்குள்ளேயே நடந்து, இப்போது ஒழுங்காக லாரி வருகிறது.

ஈஞ்சம்பாக்கம் வாசி:
இதனால்தான் கோவளம் வடிநிலத் திட்டம் என்று மாநகராட்சி எங்கள் பக்கம் மழைநீர் வடிகால் கட்ட வந்தபோது எதிர்த்தோம், விஷயம் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இங்கே மணல், பெய்கிற மழை தானாக உள்ளே இறங்கும், அதுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஆமை முட்டையிடுகிற கரைக்குச் சாக்கடையைக் கொண்டுவிட எதற்குக் கான்கிரீட் கால்வாய்? ஆனால் நம் ஆட்களும் சரியில்லை. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாச்சு, இன்னும் பாதி வீட்டில் மொட்டைமாடிக் குழாய் தெருவைத்தான் பார்க்கிறது. அந்தத் தண்ணீர் வண்டி எண்ணெய், நாய்க் கழிவு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதான் ஓடுகிறது, முதல் மழையில் ரொம்ப மோசம். நாங்கள் தெருமுனையில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் உறை இறக்கி, மேலே ஜல்லியும் வலையும் போட்டிருக்கிறோம். மழைக்கு முன்னால் வண்டலை அள்ளவேண்டும், அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:
இங்கேயும் வடிகால் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரிக்காமல்தான் கடலுக்குப் போகிறது. மழை பெய்தால் 72 மணி நேரம் கடலில் இறங்காதே என்று கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சுகாதாரத்துறை சொல்லும். ஆனால் சாண்டா மோனிகாவில் கடல்பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது. மழையில்லாத நாளில் வடிகாலில் வருகிற தண்ணீரைப் பிடித்துச் சுத்தம் செய்து பூங்காவுக்கும் கழிப்பறைக்கும் அனுப்புகிறார்கள். பாலவாக்கத்துக்காரர் சொல்கிற அதே மே மாதத் தண்ணீர்தான், இங்கே புல்வெளிக்குப் பாய்ச்சியதும் கார் கழுவியதும் அதிகம். 2018-இல் மழைநீர் இறங்காத கான்கிரீட், தார்ப் பரப்புக்குச் சதுர அடிக்கு 2.5 சென்ட் வரி போட மக்களே ஓட்டுப் போட்டார்கள். என் வீட்டு வாசலைப் பெயர்த்துச் செடி வைக்கலாமா என்று நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.