ஒளிரும் மாதிரிச் சிலைட் எதை வாங்கலாம்?

கேள்வி, கிளிநொச்சி: எங்கட ஃபுளோரசன்ஸ் (மாதிரியை ஒளிரவைச்சுப் பார்க்கிற) நுணுக்குக்காட்டியில புற ஊதா, நீல வடிகட்டிகள் இருக்கு. சோதிக்க ஆயத்தச் சிலைட் எது நல்லம்?

பதில், வவுனியா: கொன்வலேரியா எண்ட பூச்செடியின்ர வேர்த்தண்டு வெட்டுமுகம் கேளுங்கோ. சாயமூட்டின சிலைட் பல நிறத்தில ஒளிரும், லேசில மங்காது. ஃபுளோசெல்ஸ் 1 எண்ட ஆயத்தக் கலச் சிலைட்டில டாபி, அலெக்ஸா ஃபுளோர் 488, மைற்றோட்ராக்கர் சிவப்பு எண்ட மூண்டு ஒளிரும் சாயமும் இருக்கு. அருமையான கலங்கள், ஆனா விலை கூட, வெளிச்சம் பட்டால் மங்கும். பார்க்காத நேரம் விளக்கொளியை மறைக்கிற ஷட்டரை மூடுங்கோ, இருட்டில வையுங்கோ.

பதில், மாங்குளம்: அண்ணை சொன்னது சரி. சிலைட் வரும்வரை செவ்வரத்தை மகரந்தத்தை ஒரு துளி கிளிசரினில வைச்சு, கவர்சிலிப் மூடி, நிறமில்லாத நகப்பூச்சால ஓரத்தை அடையுங்கோ. மகரந்தம் சாயமில்லாமலே ஒளிரும். பச்சை இலைத் துண்டெண்டால் நீல ஒளியில பச்சையம் சிவப்பாத் தெரியவேணும். தெரியாட்டி, உமிழ்வு வடிகட்டி (மாதிரியில இருந்து வாற ஒளியைக் கண்ணுக்கு விடுறது) பச்சையை மட்டும் விடுகுதோ எண்டு பாருங்கோ.