தம்பிக்கு பைபோலார், மூளை ஸ்கேன்ல சாகுற நினைப்பு தெரியுமா?

லயத்துப்பொண்ணு, சுங்கை சிப்புட்:
வணக்கம். தம்பிக்கு பைபோலார்னு, அதாவது மனசு ஒரேடியா ஏறி ஒரேடியா இறங்குற வியாதின்னு சொல்லி ஈப்போவுல மருந்து எடுக்குறோம். இப்ப திரும்ப ரொம்ப டவுனா இருக்கான், சரியா சாப்பிடுறதில்ல, மோட்டர்சைக்கிள் சாவிய அப்பா கையில குடுத்துட்டான், ஆசையா வளர்த்த சேவலையும் பக்கத்து வீட்டுப் பையனுக்கே குடுத்துட்டான். எனக்கு வயித்த கலக்குது. மூளைய ஸ்கேன் பண்ணா எல்லாம் தெரிஞ்சிரும்னு யாரோ சொல்ல, அம்மா சங்கிலிய அடகு வச்சாவது பிரைவெட்ல எடுக்கணும்னு நிக்கிறாங்க, பெரியம்மா செய்வினைங்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கேன்ரூம் அண்ணன்:
தங்கச்சி, நான் எம்ஆர்ஐ ரூம்லதான் வேலை செய்றேன். சங்கிலிய அடகு வைக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. ஆராய்ச்சி நடக்குறது உண்மைதான், 2017ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஹிலரி ப்ளம்பெர்க் குழு பைபோலார் உள்ள 68 இளவயசுக்காரங்கள ஸ்கேன் பண்ணாங்க, அதுல 26 பேர் முன்னாடி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க. அவங்களுக்கு மூளையோட முன்பக்கம் கீழ்ப்பகுதிக்கும், பயம் கோவம் மாதிரி உணர்ச்சிய கவனிக்கிற அமிக்டலாவுக்கும் நடுவுல தொடர்பு கம்மியா இருந்துச்சு. ஆனா இது கூட்டத்தோட கூட்டத்த ஒப்பிட்டு எடுத்த சராசரி. ஒருத்தன் படத்த மட்டும் வச்சிக்கிட்டு இவன் மனசுல இது இருக்கு இல்லன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. கட்டி, ரத்தக்கசிவு மாதிரி சந்தேகம் இருந்தா டாக்டரே எழுதிக் குடுப்பாரு. படம் நார்மல்னு வந்து வீட்டுல எல்லாரும் நிம்மதியாயிட்டா அதுதான் எனக்குப் பயம்.

செம்பனைக்காரன்:
அக்கா, எனக்கும் பைபோலார்தான். ஸ்கேன விடுங்க, சேவலத் தூக்கிக் குடுத்தான்னீங்களே அதுதான் சாகுற நினைப்புக்குப் பெரிய அறிகுறி. இன்னிக்கே பக்கத்துல உக்காந்து "சாகணும்னு தோணுதாடா"ன்னு நேரா கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துராது, என்கிட்ட என் அண்ணி கேட்டப்பதான் நான் வாயத் தொறந்தேன். வீட்டுல இருக்குற மாத்திரை, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாத்தையும் பூட்டி வைங்க, தனியா விடாதீங்க. அவன் லித்தியம் எடுக்குறானா? 1949லேர்ந்து புழக்கத்துல உள்ள மருந்து, தற்கொலைய குறைக்குதுன்னு டாக்டருங்க நம்பிக் குடுக்குறது. 2018ல 6,503 பேரோட ஸ்கேன சேர்த்துப் பார்த்த எனிக்மாங்கிற பல நாட்டுக் கூட்டு ஆய்வுலயும் லித்தியம் எடுத்தவங்களுக்கு மூளையோட மேல்பட்டை மெலியிறது கம்மியா தெரிஞ்சிச்சு. சொந்தமா நிப்பாட்டிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. ரத்த டெஸ்ட்டையும் தவற விடாதீங்க, இபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரை சேர்ந்தா ரத்தத்துல லித்தியம் அளவு ஏறிரும். பேச ஆள் வேணும்னா நம்ம மலேசியாவோட மனநல உதவி நம்பர் ஹீல் லைன் 15555, ஆபத்துன்னா 999. செய்வினை பேச்ச அவன் காதுல விழாம பாத்துக்கோங்க.

லயத்துப்பொண்ணு:
கேட்டுட்டேன். ஆமான்னான், ரொம்ப நேரம் அழுதான். லித்தியம்தான், தீபாவளிக்கு அப்புறம் போடவே இல்லையாம். அப்பா காடி எடுக்கப் போயிருக்காரு, இப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போறோம்.

ஸ்கேன்ரூம் அண்ணன்:
நல்லது மா. வண்டியில அவன் பக்கத்துலயே உக்காருங்க. மருந்துக் கவர், அப்பாய்ன்மென் கார்டு ரெண்டையும் கையோட எடுத்துக்கோங்க, எப்போலேர்ந்து நிப்பாட்டினான்னு கவுண்டர்லயே சொல்லிருங்க.